குறுகிய அறைக்குள் ஆட ஒரு குட்டைத் துவக்கு: வாங்குமுன் எதைப் பார்ப்பது?

கேள்வி: என் வீடு தலவாக்கலை. இரண்டு வருடமாக ஜப்பானில் தொழிற்பயிற்சி விசாவில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வேலைத்தள நண்பர்களுடன் எயார்சொஃப்ட், அதாவது சிறு பிளாஸ்ரிக் குண்டு போடும் விளையாட்டுத் துவக்கால் ஒருவரையொருவர் சுடும் ஆட்டம், ஆடப் போவதுண்டு. பழைய களஞ்சியம் ஒன்றைப் பலகையால் அறை அறையாகத் தடுத்த உள்ளரங்கு அது. ஆகக் கூடிய தூரமே பதினைந்து மீற்றர்தான். இதுவரை வாடகைத் துவக்கில் ஆடிய நான் சொந்தமாகக் குட்டையான ஒன்றை வாங்க நினைக்கிறேன். அசல் இயந்திரத் துவக்குகளின் விளையாட்டு மாதிரிகளான, வாயுவில் இயங்கும் எம்.பி. 7, பற்றரியில் இயங்கும் எம்.பி. 5கே, வெளிநாட்டுத் தயாரிப்பான பழைய பற்றரித் துவக்கு ஒன்று ஆகிய மூன்றும் கண்ணில் பட்டிருக்கின்றன. பழையதை விற்பவர் அதன் வேகம் 370 என்றும், மற்ற இரண்டும் அதற்குப் பக்கத்தில்கூட வராது என்றும் சொல்கிறார். எதை வாங்கலாம்?

பதில்: தம்பி, அந்த மூன்றாவதை இப்போதே பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். 370 என்று அவர் சொல்வது வினாடிக்கு 370 அடி, அதாவது ஏறத்தாழ 113 மீற்றர். 0.20 கிராம் குண்டு அந்த வேகத்தில் வெளியேறினால் அதன் சக்தி 1.27 யூல். ஜப்பானில் 2006ஆம் ஆண்டு திருத்தப்பட்ட ஆயுதச் சட்டம், குண்டின் குறுக்குவெட்டுப் பரப்பில் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 3.5 யூல் என்று எல்லை வகுத்திருக்கிறது. 6 மில்லிமீற்றர் குண்டுக்கு அது ஏறத்தாழ 0.98 யூல் ஆகிறது. 0.20 கிராம் குண்டில் கணக்குப் பார்த்தால் வினாடிக்கு 99 மீற்றர், அதாவது 325 அடியைத் தாண்டக் கூடாது. எல்லையை மீறிய துவக்கால் சுட்டால்தான் குற்றம் என்றில்லை, அதை வைத்திருப்பதே குற்றம். விசாவை நம்பிப் பிழைக்கப் போன ஒருவர் தன் அறையில் வைத்திருக்கக் கூடிய பொருளே அல்ல அது.

வேகத்தைச் சொல்பவர் குண்டின் எடையையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்த எண்ணை நம்ப வேண்டாம். அதே துவக்கில் 0.12 கிராம் குண்டைப் போட்டு அளந்தால் வேகம் எகிறிக் காட்டும், 0.25 கிராம் குண்டைப் போட்டால் இறங்கிவிடும். ஆகவே யூல் கணக்கையே கேளுங்கள். இனி, சட்டம் ஒரு பக்கம் இருக்க, அந்த வேகத்தால் உங்களுக்குக் கிடைக்கப்போவதுதான் என்ன? காற்றின் தடையை விட்டுக் கணக்கிட்டால், வினாடிக்கு 80 மீற்றர் போகும் குண்டு பத்து மீற்றரைக் கடக்க எட்டில் ஒரு பங்கு வினாடி எடுக்கும். 99 மீற்றர் போவது பத்தில் ஒரு பங்கு எடுக்கும். இடையில் உள்ளது நாற்பதில் ஒரு பங்கு வினாடி. கதவோரத்தில் எதிராளியைக் கண்டு உங்கள் விரல் அசைவதற்குள் அதைப் போல் பல மடங்கு நேரம் போய்விடும். அறைக்குள் ஆடும்போது கூடுதல் வேகம் எதிரே நிற்பவரின் தோலில் தழும்பாகத் தெரியுமே தவிர, உங்கள் வெற்றியில் தெரியாது.

மீதி இரண்டில், வாயுத் துவக்கின் சுகம் எனக்கும் தெரியும். நாகோயாவில் தொழிற்சாலை வேலையில் இருந்த நான்கு வருடமும் நானும் இப்படியான உள்ளரங்குகளுக்குப் போனவன்தான். வாயுத் துவக்கில் ஒவ்வொரு வெடிக்கும் மேற்பகுதி பின்னால் போய் வந்து கையை உதைக்கும்; விசை அழுத்தியவுடன் குண்டு போகும். ஆனால் ஜனவரி மாதக் காலையொன்றில், சூடாக்கும் வசதியில்லாத களஞ்சியத்தில், என் பக்கத்தில் நின்ற நண்பரின் வாயுத் துவக்குக்கு நடந்ததை இன்னும் மறக்கவில்லை. முதல் மகசினின் (குண்டும் வாயுவும் நிரப்பும் கூடு) பாதிவரை படபடவென்று சுட்டது. பிறகு சத்தம் மந்தமாகி, மேற்பகுதி பின்னால் முழுதாகப் போகாமல் பாதியில் நின்றது. கடைசிக் குண்டு குழல் வாயிலிருந்து நழுவி அவருடைய சப்பாத்துக்குப் பக்கத்தில் விழுந்து உருண்டது. மகசினைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். நுவரெலியாவில் மார்கழிப் பனியில் வெளியே கிடந்த இரும்புக் குழாயைத் தொட்டது போல இருந்தது.

காரணம் எளிது. மகசினுக்குள் இருப்பது திரவமாக்கிய வாயு. ஒவ்வொரு வெடிக்கும் அதில் கொஞ்சம் ஆவியாகிறது. ஆவியாவதற்கான வெப்பத்தை மகசினின் உலோகத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது. மகசின் குளிரக் குளிர உள்ளே அமுக்கம் குறைகிறது. நம் வீட்டில் விசேஷ நாளில் அடுப்பு மணிக்கணக்காக எரியும்போது காஸ் சிலிண்டரின் வெளிப்புறம் குளிர்ந்து வியர்ப்பதும் இதே கதைதான். அமுக்கம் குறைகிறதே என்று, ஜப்பானில் வழக்கமாக நிரப்பும் 134ஏ வாயுவுக்குப் பதிலாக புரொப்பேன் கலந்த வலுவான வாயுவை நிரப்பும் தவறைச் செய்யாதீர்கள். மெல்லிய வாயுவுக்கென்று செய்யப்பட்ட உதிரிப்பாகம் வெடிக்கலாம், யூல் எல்லையும் தாண்டலாம். கோடையில் மட்டும் ஆடுபவருக்கு வாயுத் துவக்கு பொருந்தும். வருடம் முழுவதும் ஞாயிறு தவறாமல் போகும் உங்களுக்குப் பற்றரித் துவக்கே சரி என்பது என் தீர்மானம்.

பற்றரித் துவக்கில் மோட்டார் கியர்களைச் சுழற்றி, சுருள்வில்லுடன் பிஸ்டனைப் பின்னால் இழுத்து விடுவிக்கிறது. அது முன்னால் பாயும்போது தள்ளும் காற்றே குண்டைச் செலுத்துகிறது. இந்த முறையில் துவக்கு செய்யும் தொழிலை ஜப்பானின் டோக்கியோ மருய் நிறுவனம் 1991இல் தொடங்கியது. அட்டைப் பெட்டியில் நிமிடத்துக்கு இத்தனை குண்டு என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அதைப் பொருட்படுத்த வேண்டாம். உள்ளரங்குகள் பலவற்றில் ஒவ்வொன்றாகத்தான் சுடலாம். நீங்கள் கவனிக்க வேண்டியது, விசையை அழுத்துவதற்கும் குண்டு வெளியேறுவதற்கும் இடையில் உள்ள தாமதத்தை. கடையில் சுட்டுப் பார்க்கும் இடம் இருந்தால், முழுதாகச் சார்ஜ் ஏறிய பற்றரியைப் போடச் சொல்லி, ஒவ்வொன்றாக இருபது முறை வேகமாக அழுத்திப் பாருங்கள். ஒரு முறையாவது அழுத்தியும் சுடாமல் விட்டால், அல்லது ஒன்றுக்கு இரண்டாகச் சுட்டால், வேறு துவக்கைக் கேளுங்கள்.

நீளத்தைப் பொறுத்தவரை, அசல் எம்.பி. 5கே 32.5 சென்ரிமீற்றர், அசல் எம்.பி. 7 பின்கட்டையை உள்ளே தள்ளினால் 41.5, இழுத்தால் 63.8. விளையாட்டு மாதிரிகளும் பெரும்பாலும் இதையொட்டியே வருகின்றன. காகிதத்தில் எம்.பி. 5கே குட்டையாகத் தெரியும். ஆனால் தோளில் ஊன்றப் பின்கட்டை இல்லாத துவக்கை இரு கையாலும் முன்னால் நீட்டிப் பிடிக்க வேண்டியிருப்பதால், கதவு நிலையைத் தாண்டி வெளியே நீளும் அளவு சில வேளை கூடிவிடும். கடையின் வாசல் நிலையருகே நின்று, நீங்கள் ஆடும் விதத்திலேயே பிடித்து, உடம்பு மறைந்திருக்கும்போது குழல் எவ்வளவு வெளியே தெரிகிறது என்று உடன் வந்தவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு துவக்கை இடது தோளுக்கு மாற்றி அதையே செய்யுங்கள். இடப்பக்க மூலைகளில் அப்படித்தான் எட்டிப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனையை முகமூடி போட்டுக்கொண்டே செய்ய வேண்டும் என்பதைப் பலர் மறக்கிறார்கள். முழு முகமூடி போட்டால் கன்னம் பின்கட்டையில் படியாது, குறிபார்க்கும் துளை கண்ணுக்கு நேரே வராது. குறிகருவியை உயர்த்திப் பொருத்தத் துவக்கின் மேல் இடம் இருக்கிறதா என்று பார்ப்பது அதனால்தான்.

குழல் குட்டையாக இருந்தால் குறி தவறும் என்று நண்பர்கள் சொல்லக் கூடும். பதினைந்து மீற்றருக்குள் அது உங்களுக்குப் பெரிய விடயமே அல்ல. குண்டைப் பின்புறமாகச் சுழலவைத்து மிதக்கச் செய்யும் ஹொப்-அப் ரப்பரும், குண்டின் தரமும்தான் குறியைத் தீர்மானிக்கின்றன. அறைக்குள் ஹொப்-அப்பைக் குறைத்து வையுங்கள். கூட்டினால் குண்டு மேல்நோக்கி எழும். நல்ல குண்டு 5.95 மில்லிமீற்றரில் சீராக இருக்கும். மூட்டையில் வரும் மலிவுக் குண்டில் பிசிறும் மேடும் இருக்கும், அவை ரப்பரைத் தின்றுவிடும். சக்கரம் சுற்றி ஏற்றும் பெரிய மகசினையும் தவிருங்கள். நடக்கும்போது தகரப் பேணிக்குள் கல் குலுங்குவது போலச் சத்தம் போட்டு, சுவருக்கு அப்பால் நிற்பவருக்கு நீங்கள் நிற்கும் இடத்தைச் சொல்லிவிடும்.

குட்டைத் துவக்குகளில் பற்றரிக்கு இடம் குறைவு. நீங்கள் வாங்கும் பற்றரி உள்ளே வயர் நசுங்காமல் அடங்குகிறதா என்று கடையிலேயே மூடிப் பாருங்கள். 7.4 வோல்ற்று லித்தியம் பொலிமர் போதும், 11.1 வோல்ற்று போட்டால் விசையின் தொடுமுனைகள் சீக்கிரம் கருகும். 7.4 வோல்ற்றுப் பற்றரி முழுச் சார்ஜில் 8.4 வோல்ற்று காட்டும். அதிலுள்ள இரண்டு கலங்களில் எதையும் 3 வோல்ற்றுக்குக் கீழே இறங்க விடக் கூடாது. உப்பிய பற்றரியை மறுபடி சார்ஜ் போடவே கூடாது.

இவ்வளவும் சொன்னேன், ஆனால் முதல் செலவு துவக்குக்கு அல்ல, கண்ணைக் காக்கும் கண்ணாடிக்கு. ஐரோப்பிய ஈஎன் 166 தரத்தில் எஃப் என்ற குறி உள்ள கண்ணாடி, 0.86 கிராம் எஃகுக் குண்டை வினாடிக்கு 45 மீற்றரில் தாங்கும் என்று சோதிக்கப்பட்டது; அந்தச் சக்தி 0.87 யூல். உங்கள் களத்தில் அனுமதிக்கப்பட்ட 0.98 யூலை விட அது குறைவு என்பதைக் கவனியுங்கள். பீ என்ற குறி உள்ளது 120 மீற்றர் வேகத்தில், ஏறத்தாழ 6.2 யூலில் சோதிக்கப்படுகிறது. பீ குறி உள்ள, முகத்தோடு ஒட்டி மூடும் கண்ணாடியையே வாங்குங்கள். கம்பி வலைக் கண்ணாடியில் பனி படியாது என்பது உண்மைதான், ஆனால் உடைந்த குண்டின் தூள் வலைக்குள் நுழையும். பல்லையும் மறையுங்கள், ஒரு மீற்றரில் பட்ட குண்டால் முன்பல் போனவரைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: மேலே எழுதியவரின் அக்கா நான். தம்பி சித்திரைக்கு வீட்டுக்கு வரும்போது அந்தத் துவக்கையும் கொண்டுவரப் போவதாகச் சொல்கிறான். விளையாட்டுச் சாமான்தானே, பிரச்சினை இருக்குமா?

பதில்: கொண்டுவர வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள். உலக நாடுகள் பின்பற்றும் சுங்கக் குறியீட்டில் வில், காற்று, வாயுவால் இயங்கும் துவக்குகள் விளையாட்டுச் சாமான்களோடு சேராமல், ஆயுதங்களுக்கான 93ஆம் அத்தியாயத்தில் 9304 என்ற தலைப்பின் கீழ் வருகின்றன. இலங்கையில் ஆயுத இறக்குமதிக்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும். அமைச்சுக்கும், இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்துக்கும் முன்கூட்டியே எழுதி, எழுத்தில் அனுமதி கையில் கிடைத்தால் மட்டுமே யோசிக்கலாம். பொம்மை என்று எழுதிப் பொதியில் அனுப்புவது நிலைமையை மோசமாக்கும். வாயுப் போத்தலை விமானத்தில் கையிலும் கொண்டுவர முடியாது, பெட்டியிலும் முடியாது.

சட்டத்தை விட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. அந்தத் துவக்கு கறுப்பு நிறத்தில், அசலின் அதே வடிவத்தில் இருக்கும். மங்கிய வெளிச்சத்தில் லயத்து வாசலில் அதைத் தூக்கிப் பிடிக்கும் பையனைப் பார்க்கிற அயலவருக்கோ, வீதியில் நிற்கும் பொலிஸ்காரருக்கோ வித்தியாசம் தெரியாது. சோதனைச் சாவடிகளில் பஸ்ஸை விட்டிறங்கி அடையாள அட்டை காட்டி வளர்ந்த தலைமுறை நாம். அந்தப் பயத்தை யாருக்கும் மறுபடி கொடுக்க வேண்டியதில்லை. துவக்கு ஜப்பானில் நண்பரின் அறையிலேயே இருக்கட்டும்.

கேள்வி: நுவரெலியா வசந்த காலத்தில் வீதியோரக் கடையொன்றில் பதினொரு வயது மகனுக்கு மஞ்சள் குண்டு போட்டுச் சுடும் பிளாஸ்ரிக் துவக்கு வாங்கிக் கொடுத்தோம். தங்கையின் மகன் சுட்டதில் நேற்று என் மகனின் கண்ணில் பட்டுச் சிவந்திருக்கிறது. பெட்டியில் எந்த எச்சரிக்கையும் இல்லை, பற்றுச்சீட்டும் தரவில்லை. முறையிட முடியுமா?

பதில்: முடியும். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூலம் முறையிட வேண்டும். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் எங்கே, எப்படி என்று சொல்வார்கள். பெட்டி, துவக்கு, மீதிக் குண்டுகள் எல்லாவற்றையும் அப்படியே வைத்திருங்கள்; கடை இருந்த இடத்தையும் வாங்கிய திகதியையும் குறித்து வையுங்கள். கேட்டால் பற்றுச்சீட்டு கொடுப்பது விற்பவரின் கடமை. அடுத்த முறை பணம் கொடுக்குமுன் கேளுங்கள். ஜப்பானிய உற்பத்தியாளர் சங்கம் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் துவக்குக்கு வைத்திருக்கும் எல்லை 0.135 யூல், உங்கள் பெட்டியில் எந்த எண்ணும் இல்லை என்பதையும் முறைப்பாட்டில் எழுதுங்கள்.

ஆனால் இதெல்லாம் நாளைக்கு. கண்ணில் குண்டு பட்டால் வெளியே சிவப்பு மட்டும் தெரிந்தாலும் உள்ளே இரத்தம் கசிந்திருக்கலாம்; அதனால் கண்ணின் அமுக்கம் கூடிப் பார்வை பாதிக்கப்படலாம். கண்ணைக் கசக்க விடாமல், கடையில் வாங்கிய துளிமருந்து எதையும் ஊற்றாமல், கண் சிகிச்சைப் பிரிவு உள்ள அரச வைத்தியசாலைக்கு மகனை இன்றே கூட்டிக்கொண்டு போங்கள்.