பதினோரு தொகுதியில் நம்ம ஊர் எங்கே? (கேள்வி பதில்)

காரைக்குடியில் முப்பது வருஷம் வரலாறு சொல்லிக் கொடுத்தவன் நான். ஆர்.சி. மஜும்தாரைப் பொதுப் பதிப்பாசிரியராகக் கொண்டு பாரதிய வித்யா பவன் வெளியிட்ட பதினோரு தொகுதி இந்திய வரலாற்றை இரண்டு தடவை முழுசாகப் படித்திருக்கிறேன். கேளுங்கள்.

தேவகோட்டையிலிருந்து: எங்க ஐயா வாங்கி வச்ச செட்டில் 7, 8 இல்லை. இரவல் போய்த் திரும்பலையோ?

யாரையும் சந்தேகப்படாதீங்க தம்பி. அவை வரிசைப்படி வெளிவரவில்லை. முதல் தொகுதி 1951. விடுதலைப் போராட்டத்தைச் சொல்லும் 11 வந்தது 1969. முகலாயர் பற்றிய 7 வந்ததோ 1974-ல், மராட்டியர் பற்றிய 8 அதற்கும் பிறகு 1977-ல். ஐயா 1970 வாக்கில் வாங்கியிருந்தால் அந்த இரண்டும் அப்போது அச்சிலேயே இல்லை.

பள்ளத்தூரிலிருந்து: புது அச்சு வாங்கினால் கீழடி இருக்குமா?

இருக்காது ஆச்சி. மறுபதிப்பு ஆண்டு வேறு, எழுதிய ஆண்டு வேறு. உள்பக்கத்தைத் திருப்பி முதல் பதிப்பு எப்போது என்று பாருங்கள். நம்ம சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில் மண்வெட்டி விழுந்தது 2015-ல்.

கானாடுகாத்தானிலிருந்து: இராசராச சோழன் எந்தத் தொகுதி?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். 4-ஆம் தொகுதி 750 முதல் 1000 வரை, அதன் பெயரிலேயே வடநாட்டுக் கன்னோசிப் பேரரசு. 5-ஆம் தொகுதி 1000-லிருந்து 1300 வரை. இராசராசன் ஆண்டது 985 முதல் 1014 வரை. அவன் ஆட்சியின் நடுவிலேயே கோடு விழுகிறது! தென்னாட்டுக்கு அத்தியாயங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் காலத்தை அளந்த கோல் வடக்கே நட்ட கோல். கன்னோசியை யார் பிடித்தார் என்பதை வைத்துத் தஞ்சாவூரின் காலத்தைப் பிரிக்கலாமா?

கோட்டையூரிலிருந்து: எங்காவது ஓரிடத்தில் கோடு போட்டுத்தானே ஆகணும் ஐயா? சோழரை வைத்துப் பிரித்தால் வங்காளத்துக்காரர் இதையே கேட்பாரே.

நியாயம். கோடு போட்டதைக் குறை சொல்லவில்லை. தொகுதிக்கு ஓர் அரசின் பெயரைச் சூட்டியதைத்தான் சொல்கிறேன். தலைப்பைப் பார்த்து வாங்குகிற பிள்ளை மற்றவர்கள் ஓரத்தில் இருந்தவர்கள் என்றே நினைக்கும். அதனால் சதாசிவ பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் வரலாற்றைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழக வெளியீடு, மூன்று பகுதி.

புதுவயலிலிருந்து: எது நல்ல பதிப்பு, புதுசா பழசா?

மேலே சொல்லியாயிற்று. முதல் பதிப்பு ஆண்டைப் பாருங்கள்.

குன்றக்குடியிலிருந்து: கீழடி எந்தத் தொகுதி?

பள்ளத்தூர் ஆச்சிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

செட்டிநாட்டிலிருந்து: எங்க ஐயா பர்மாவில், மோல்மீன் ஊர்ச் செட்டியார் வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது ஏஜெண்டுக்கு உதவியாளாக இருந்தவுக. தேச வரலாற்றில் பர்மா ஏன் இத்தனை குறைவு?

1937 ஏப்ரல் 1 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். பிறகு பிரிந்தது. 1947 எல்லைக்குள் நின்று எழுதுகிறவர்களுக்கு அது வெளிநாடாகிப் போனது. நெல் விலை 1930-ல் சரிந்தபோது கடன் வாங்கிய விவசாயிகளால் கட்ட முடியவில்லை, அடமான நிலம் வட்டிக்கடைக்கு வந்து சேர்ந்தது. கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள் பதின்மூன்றில் செட்டியார்கள் கையிலிருந்த நிலம் 1930-ல் 6 சதவீதம், 1938-ல் 25 சதவீதம். கொடுத்த கடன் பணமாகத் திரும்பியிருந்தால் நம்ம ஊருக்கு வந்து சேர்ந்திருக்கும். நிலமாக நின்றதால் அங்கேயே போயிற்று. பர்மியருக்கு அந்த நிலம் பறிபோன நிலம். இரண்டு பக்க வலியும் ஒரே கணக்கில் இருக்கிறது.

ஐயாவின் பேரேடு வீட்டில் இருக்கிறதா? ஒரு வீட்டில் பார்த்தேன், சிவப்புத் துணியில் கட்டி, தலைப்பில் உ போட்டு, ரங்கூன் வரவு தனிப் பக்கம். பாதியைக் கரையான் தின்றிருந்தது. கோட்டையூர் ரோஜா முத்தையா இப்படி எடைக்குப் போகவிருந்த தாள்களைச் சேர்த்து வைத்ததால்தான் இன்று சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. உங்கள் பேரேட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். முதலில் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுங்கள். எழுத்து புரியவில்லை என்றால் எனக்கு அனுப்புங்கள், உட்கார்ந்து படித்துத் தருகிறேன்.