எல்லாம் உம்மாலே கூடும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

திருகோணமலை, உப்புவெளியிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்குப் பல வருடங்களாகச் சீனி வருத்தம். இப்போது காலில் ஒரு புண், ஆறவே இல்லை. வீட்டுக்கு வந்து ஜெபித்த ஊழியக்காரர் ஒருவர், "சர்வவல்ல தேவனை நம்புகிறவர்களுக்கு ஊசி எதற்கு? பரிகாரிகளை, அதாவது வைத்தியர்களைத் தேடிய ஆசா ராஜாவுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து பத்து நாட்களாக அம்மா இன்சுலின் போடவில்லை. புண் பெரிதாகிறது. தன் விசுவாசம் போதவில்லை என்று அழுகிறார். தேவனால் முடியாதது ஒன்றுமில்லை என்றால் ஏன் அண்ணா இன்னும் குணமாகவில்லை?

உப்புவெளி வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்லுங்கள். இதை அங்கே வாங்கில் காத்திருக்கும்போது வாசிக்கலாம்.

ஆசாவுக்கும் காலில்தான் வியாதி. அதனால்தான் அந்தப் பெயர் ஊழியக்காரருக்கு நினைவு வந்திருக்கும். ஆனால் வசனத்தில் பாதியை விழுங்கிவிட்டார். "கர்த்தரை அல்ல, பரிகாரிகளையே தேடினான்" என்கிறது 2 நாளாகமம் 16. கர்த்தரை மறந்ததுதான் அவன் குற்றம். உங்கள் அம்மா எங்கே மறந்தார்?

அதே வேதாகமத்தில் எசேக்கியா ராஜாவும் இருக்கிறான். சாகக்கிடந்தவனுக்குக் கர்த்தர் 15 வருடம் கூட்டிக் கொடுத்தார். அப்படியும் ஏசாயா என்ன சொன்னார்? அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப் போடச் சொன்னார். ஒரு சொல்லால் ஆற்றக்கூடியவர் பற்றுப் போட வைத்திருக்கிறார். வாடைக் காலத்தில் வள்ளத்தைக் கரையேற்றி வைக்கும் உங்கள் ஊர் மீனவரை விசுவாசமில்லாதவர் என்று யாராவது சொல்வார்களா? இன்சுலினும் அப்படித்தான்.

ஏன் குணமாகவில்லை என்பதற்குக் கையில் விடை வைத்திருப்பவர்களிடம் எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு. பவுலின் உடலிலிருந்து கொண்டுபோன துணிகளாலேயே நோயாளிகள் குணமானார்கள் என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள். அதே பவுல், தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்து பட்டணத்தில் வியாதியாய் விட்டுவந்தேன் என்று ஒற்றை வரியில் எழுதுகிறார். காரணம் சொல்லவில்லை. துரோப்பீமுவின் விசுவாசத்தை அளந்து பார்க்கவும் இல்லை.

சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் இயேசு, "அப்பா பிதாவே, எல்லாம் உம்மாலே கூடும்" என்றுதான் தொடங்கினார். தேவனுடைய வல்லமையை இதைவிட முழுதாக நம்பி எவரும் ஜெபித்ததில்லை. இந்தப் பாத்திரத்தை, அதாவது வரப்போகும் பாடுகளை, எடுத்துப்போடும் என்று கேட்டார். பாத்திரம் நீங்கவில்லை. அவருக்கும் விசுவாசம் போதவில்லை என்பாரா அந்த ஊழியக்காரர்? சபையில் நாம் அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணத்தில் "சர்வத்துக்கும் வல்ல" என்ற உடனே "பிதா" என்று வருகிறது. பிள்ளையின் அழுகையை அளந்து பார்த்து மருந்து கொடுக்கிற தகப்பனை நான் கண்டதில்லை.

அம்மாவின் காலுக்கு மருந்து கட்டும்போது இந்தக் கெத்செமனே ஜெபம் வரும் மாற்கு 14ஐ மெதுவாக வாசித்துக் காட்டுங்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்