சொட்டு மருந்துக்குக் கேட்காத கண் சிவப்பு

செந்தூல் வாசகி ஒருவர் கேட்கிறார்: "அம்மாவுக்கு 61 வயது. மூன்று மாதமாக வலது கண் சிவந்தே இருக்கிறது, கொஞ்சம் பிதுங்கியும் தெரிகிறது. இரவில் காதில் 'உஷ் உஷ்' என்கிறதாம். பார்மசி சொட்டு மருந்து மூன்று பாட்டில் முடிந்துவிட்டது. தெரிந்த ஏஜென்ட் ஒருவர் தனியாரில் கண்புரை பேக்கேஜ் பேசித் தருகிறேன் என்கிறார். போகலாமா?"

போகாதீர்கள். எனக்குக் கவலை அந்த 'உஷ்' சத்தம்தான். சாதாரணக் கண் தொற்றுக்குப் பீளை கட்டும், காதில் சத்தம் கேட்காது. அம்மாவின் மணிக்கட்டைப் பிடியுங்கள். சத்தம் நாடியோடு சேர்ந்து வந்தால், கண்ணுக்குப் பின்னால், மூளைக்கு அடியில் தமனி ஒன்று சிரையோடு தவறாக இணைந்திருக்கலாம். அம்மா வயதுப் பெண்களுக்கு அடிபடாமலே இது வரும். மழையில் ஆறு நிரம்பினால் வடிகால் தண்ணீர் வீட்டுக்குள் திரும்புவது கோலாலம்பூர்க்காரர்களுக்குத் தெரியும். அதுபோலக் கண்ணிலிருந்து வடியவேண்டிய ரத்தம் தேங்கி, கண் அழுத்தம் ஏறுகிறது. பார்வையைப் பறிப்பது அதுதான்.

இந்த நிலையில் சொட்டு மருந்தில் ஸ்டெராய்டு இருந்தால் கண் அழுத்தம் இன்னும் ஏறலாம். சிவப்புக் கண்ணுக்குச் சீட்டில்லாமல் ஸ்டெராய்டு கொடுப்பவர்களை நான் மன்னிக்கவே மாட்டேன். ஏஜென்ட் விஷயமும் அப்படித்தான். யாரும் கண்ணைப் பார்க்காமலே நோய்க்குப் பெயரும் விலையும் வைத்துவிட்டார்!

இதற்குச் சிகிச்சை உண்டு. தொடையில் அல்லது கண் அருகே உள்ள சிரை வழியாக மெல்லிய குழாய் விட்டு, உலோகச் சுருளால் அந்த இணைப்பை அடைப்பார்கள். சில இணைப்புகள் தானாகவே மூடிக்கொள்ளும், உண்மைதான். ஆனால் 'தானாக மூடும்' என்பது ரத்தக்குழாய்ப் படம் எடுத்து, ரத்தம் மூளைச் சிரைக்குள் திரும்பவில்லை, கண் அழுத்தமும் பார்வையும் நன்றாக இருக்கின்றன என்று பார்த்தபிறகு மருத்துவர் சொல்லவேண்டியது. பக்கத்து வீட்டு அக்கா சொல்லவேண்டியதல்ல. மூடும்போதே சில நாள் கண் மோசமாவதும் உண்டு, அப்போதும் மருத்துவர் கண்காணிப்பில் இருக்கவேண்டும்.

கிளினிக்கிலிருந்து கண் பிரிவு, அங்கிருந்து நரம்பியல், ஒவ்வொன்றுக்கும் ஒரு பரிந்துரைக் கடிதம், ஒரு தேதி. கண் காத்திருக்குமா? கடிதத்தில் நாடிச் சத்தத்தையும் பிதுங்கலையும் எழுதி, 'அவசரம்' என்றும் போடச் சொல்லுங்கள். பார்வை மங்கினாலோ, இரண்டாகத் தெரிந்தாலோ, தலைவலி வாந்தி வந்தாலோ தேதி பார்க்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அந்தக் காலி பாட்டில்களையும் எடுத்துப் போங்கள், உள்ளே என்ன இருந்தது என்று மருத்துவர் பார்க்கட்டும்.