ஐ.க்யூ. 84 என்று அறிக்கை வந்திருக்கிறது. தேர்வுச் சலுகை கிடைக்குமா?

திருப்பூரிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அவருடைய 14 வயது மகன் பேச்சில் கெட்டிக்காரன், ஆனால் எழுதச் சொன்னால் தடுமாறுகிறான். ஆறாம் வகுப்பில்தான் தமிழ்வழியிலிருந்து ஆங்கில வழிக்கு மாறினான். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் சலுகை பெற உளவியல் அறிக்கை வேண்டும் என்று பள்ளியில் சொன்னதால் ஒரு தனியார் மையத்துக்குப் போயிருக்கிறார்கள். நாற்பது நிமிடத்தில் சோதனையை முடித்து, 'ஐ.க்யூ. 84, மெதுவாகக் கற்பவர்' என்று ஒரு பக்க அறிக்கை தந்திருக்கிறார்கள். இன்னொருவர், சலுகை நிச்சயம் கிடைக்கும்படியான அறிக்கையை இரண்டே நாளில் வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கிறாராம். எதை நம்புவது?

இரண்டையும் நம்ப வேண்டாம். முதலில் அந்த 84. நுண்ணறிவுச் சோதனைகளில் சராசரி 100. மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் 85க்கும் 115க்கும் இடையில் வருவார்கள். இதே பையனை வேறொரு காலையில், நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு சோதித்தால் சில புள்ளிகள் ஏறலாம், இறங்கவும் செய்யலாம். ஆனால் தேர்வுச் சலுகைக்குக் கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் வேண்டும்; அறிவு இருந்தும் வாசிப்பு, எழுத்து, கணக்கு போன்றவற்றில் மட்டும் தொடர்ந்து தடுமாறுவதைத்தான் கற்றல் குறைபாடு என்கிறோம். அந்தச் சான்றிதழுக்காக மத்திய அரசு 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஐ.க்யூ. 85க்கு மேல் இருந்தால்தான் அடுத்த கட்டச் சோதனை என்றது. 2024இல் விதிகள் திருத்தப்பட்ட பிறகும் அந்த எண் பல மேசைகளை விட்டு இறங்கவில்லை. ஒரு புள்ளியில் ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்திவைக்கிற இந்த முறையோடு நான் பல வருடங்களாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் பையனின் பிரச்சினை எழுத்தில் இருக்கிறது. அந்த மையத்தில் எழுத்தைச் சோதிக்கவே இல்லை. முறையான மதிப்பீட்டில் நுண்ணறிவுச் சோதனை ஒரு பாதிதான். அதற்குப் பிறகு அவனைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, சொல்வதை எழுதச் சொல்லி, கணக்குப் போடச் சொல்லிப் பிழைகளைக் குறிக்க வேண்டும். பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் உருவாக்கிய கற்றல் குறைபாட்டுச் சோதனைத் தொகுப்பு இதற்காகவே இருக்கிறது. எந்தக் கருவி, எந்தத் தேதி, சோதனையின்போது பையன் எப்படி இருந்தான், எந்தப் பகுதியில் எவ்வளவு, பரிந்துரை என்ன என்பவை அறிக்கையில் இல்லாவிட்டால் அது வெறும் மதிப்பெண் சீட்டு. முதல் மையத்தில் எந்தக் கருவியைப் பயன்படுத்தினார்கள் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதே சோதனையைச் சில மாதங்களுக்குள் திரும்பச் செய்தால், பழகிய கையால் எண் பொய்யாக ஏறும்.

உங்கள் மகன் விஷயத்தில் ஒன்றை மட்டும் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்பு வரை தமிழில் படித்த பிள்ளையை ஆங்கிலத்தில் மட்டும் வாசிக்கவைத்துச் சோதித்தால், தெரிவது குறைபாடா, பழகாத மொழியா என்று யாராலும் சொல்ல முடியாது. தமிழிலும் அவன் கொம்பை விடுகிறானா, குறிலும் நெடிலும் குழம்புகின்றனவா, சொல்லின் நடுவில் எழுத்துகள் இடம் மாறுகின்றனவா என்று பார்த்தே ஆக வேண்டும். தமிழில் சரளமாக வாசித்து, ஆங்கிலத்தில் மட்டும் திணறினால், அதைக் கற்றல் குறைபாடு என்று எழுத நான் அவசரப்பட மாட்டேன். இரண்டிலும் ஒரே மாதிரியான பிழைகள் வந்தால் சந்தேகம் வலுக்கும். ஐந்தாம் வகுப்புத் தமிழ் நோட்டு வீட்டில் கிடந்தால் அதையும் எடுத்துக்கொண்டு போங்கள்; எந்தச் சோதனைத் தாளையும் விட அது எனக்கு அதிகம் சொல்லும்.

இரண்டு நாளில் அறிக்கை தருகிறவரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முடிவை முன்பே சொல்லிவிட்டுச் சோதனை செய்கிறவர் சோதனையே செய்யப் போவதில்லை. இப்படிப்பட்ட இடைத்தரகர்களோடு, விரல் ரேகையை ஸ்கேன் செய்து மூளையின் திறனைச் சொல்கிறோம் என்று பள்ளி விழாக்களில் மேசை போடுகிறவர்களையும் சேர்த்தே விலக்குங்கள். ரேகைக்கும் வாசிப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஐயாயிரம் ரூபாய் கொடுத்து நாற்பது பக்க வண்ண அறிக்கையுடன் என்னிடம் வந்த ஒரு அப்பாவுக்கு, அதில் ஒரு வரிகூடப் பயன்படாது என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை.

கையெழுத்திடுபவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் (ஆர்.சி.ஐ.) பதிவு செய்த மருத்துவ உளவியலாளராக இருக்க வேண்டும். பதிவு எண் அறிக்கையில் இருக்கும். மன்றத்தின் இணையதளத்தில் அதைச் சரிபார்க்கலாம். அந்த அறிக்கையும் சான்றிதழ் ஆகிவிடாது. சான்றிதழ் தருவது அரசு மருத்துவ அதிகாரிகள். கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகியவற்றுக்குப் பள்ளி வழியாகத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். ஒரே பிள்ளைக்கு மூன்று இடத்தில் மூன்று படிவம் எதற்கு என்று கேட்டால் எங்கும் பதில் வராது. பள்ளிகளும் இதை ஜனவரியில்தான் நினைத்துக்கொள்கின்றன. உங்கள் மகன் இன்னும் ஒன்பதாம் வகுப்பில்தான் இருக்கிறான் என்பதால் நேரம் இருக்கிறது. இந்த மாதமே மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் தேதி கேளுங்கள். போகுமுன் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள்.