வௌவால், நீபா, நம் பழத்தோட்டம்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கோலாலம்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் காட்டு வௌவால்களின் மாதிரிகளைப் பரிசோதிப்பது என் வேலை. குழுவில் வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

செந்தூலிலிருந்து: அக்கா, 1999-இல் பன்றிப் பண்ணை ஆட்களுக்கு வந்த மூளைக்காய்ச்சலுக்குக் கொசுதான் காரணம் என்றார்கள். அது நீபா வைரஸ், வௌவாலிடமிருந்து வந்தது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

ஆமாம், முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே நினைத்தார்கள். கொசுவுக்குப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள், பலனில்லை. அந்தக் காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைத்தான் பிடிக்கும். இங்கே படுத்தவர்களோ பன்றிப் பண்ணைகளில் வேலை செய்த பெரியவர்கள். 1999 மார்ச்சில், நம் பந்தாய் பக்கம் இருக்கும் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங், சுங்கை நீபா கிராமத்து நோயாளி ஒருவரின் தண்டுவட நீரிலிருந்து புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். நோய் அடங்குவதற்குள் மலேசியாவில் 105 பேர் இறந்துவிட்டார்கள். 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளை அழித்தார்கள்.

சரி, பன்றிக்கு எங்கிருந்து வந்தது? 1994-இல் ஆஸ்திரேலியாவில் குதிரைகளைக் கொன்ற ஹெண்ட்ரா வைரஸ் இதற்கு நெருங்கிய உறவு. அது பழந்தின்னி வௌவால்களிடம் இருந்தது. அதனால் இங்கேயும் வௌவால்களைப் பிடித்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சில இனங்களில் நீபாவுக்கான எதிர்ப்புப் பொருள் இருந்தது. ஆனால் அந்த விலங்கு எப்போதோ கிருமியைச் சந்தித்திருக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் காட்டாது. உயிருள்ள கிருமியே கையில் கிடைக்க வேண்டும்.

கெலுவாங் என்னும் பெரிய பழந்தின்னி வௌவால் உயரமான மரத்தில் தொங்கும், வலையில் எளிதில் விழாது. அதனால் தியோமான் தீவில் அவை தங்கும் மரங்களின் கீழே பிளாஸ்டிக் விரிப்புகளைப் போட்டு, சொட்டிய சிறுநீரைச் சேகரித்தார்கள். கடித்துப் போட்ட பழங்களையும் துடைத்து எடுத்தார்கள். சிறுநீரில் இரண்டு, பழத்தில் ஒன்று என நீபா மூன்று முறை கிடைத்தது. 2002-இல் அந்த ஆய்வு வெளியானது. எனக்கு அந்தப் பழம்தான் முக்கியம். ஈப்போ பக்கத்துப் பண்ணைகளில் பன்றிக் கொட்டகையை ஒட்டியே பழமரங்கள் நின்றன. மேலே வௌவால் தின்று போட்டதைக் கீழே பன்றி தின்றிருக்கும். நான் இந்தத் துறைக்கு வந்ததற்கே இந்த ஆய்வுதான் காரணம்.

செராஸ், கல்லூரி மாணவர்: பிடித்த வௌவாலைக் கொன்றுவிடுவீர்களா?

இல்லை தம்பி. அனுமதி வாங்கி, அந்தி நேரத்தில் மெல்லிய வலை கட்டுவோம். எடை பார்த்து, வாயிலும் ஆசனவாயிலும் பஞ்சுக்குச்சியால் துடைத்து, கொஞ்சம் ரத்தம் எடுத்து, அன்றிரவே விட்டுவிடுவோம். மாதிரிகள் திரவ நைட்ரஜனில் உறைந்து ஆய்வுக்கூடம் வரும். அப்புறம் பிசிஆர், அதாவது கிருமியின் மரபணுவைப் பெருக்கித் தேடும் சோதனை, செய்வோம். பெரும்பாலும் ஒன்றும் அகப்படாது. அகப்பட்டாலும் அது மரபணுத் துண்டுதான். அந்தக் கிருமி உயிரோடு இருக்கிறதா, மனித செல்லுக்குள் நுழையுமா என்பதெல்லாம் தனித்தனிக் கேள்விகள். 'வௌவாலில் புதிய வைரஸ்' என்று செய்தி வந்தால் பதறாமல் இதைக் கேளுங்கள்.

கோம்பாக்கிலிருந்து: பத்துமலைக்குப் போகலாமா?

தாராளமாக. வௌவால் எச்சம் குவிந்த இருட்டுக் குகைகளில் மட்டும் எதையும் கிளறாதீர்கள். அங்கே வைரஸைவிட, நுரையீரலைப் பிடிக்கும் பூஞ்சைதான் என் கவலை.

கெப்போங்கிலிருந்து: வீட்டுக்குள் ஒரு வௌவால் புகுந்துவிட்டது!

விளக்கை அணைத்து ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், தானே போய்விடும். வெறுங்கையால் தொடாதீர்கள். 2006-இல் மலாக்காவில் ஒருவருக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தன. அதற்கு ஒரு வாரம் முன்புதான் அவர் வீட்டுக்குள் வௌவால் வந்திருந்தது. அவரிடம் கிடைத்த புதிய வைரஸ்தான் மலாக்கா வைரஸ். கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

பாலிக் பூலாவிலிருந்து: டுரியான் தோட்டத்துக்குக் கெலுவாங் வருகிறது. சுட்டுவிடலாமா?

வேண்டாம் ஐயா, கேட்கவே மனம் வலிக்கிறது. டுரியான் பூ சாயங்காலம் விரிவதே இரவில் வருபவர்களுக்காகத்தான். தேன் குடிக்கும் குகை வௌவாலும் கெலுவாங்கும் மகரந்தம் சேர்த்தால்தான் மரம் நன்றாகக் காய்க்கும். பெத்தாய் மரத்துக்கும் வௌவால் வேண்டும். சுடுவதில் இன்னோர் ஆபத்தும் உண்டு: செத்ததைக் கையால் எடுப்பவருக்குத்தான் ரத்தமும் சிறுநீரும் நேரே படும்.

நீங்கள் பார்க்க வேண்டியது தரையை. ஆட்டுக் கொட்டகையோ பன்றிக் கொட்டகையோ இருந்தால் பழமரத்துக்குக் கீழே வேண்டாம். கடிபட்ட மாம்பழத்தையும் ஜம்புவையும் அந்தப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டுச் சாப்பிடும் பழக்கத்தை விடுங்கள். ஆட்டுக்கும் போடாதீர்கள். கையுறை மாட்டிப் பொறுக்கிக் குழியில் புதைத்துவிடுங்கள்.