ஜிஎஸ்டி மாநிலக் குறியீட்டுக்குப் பெயர் வராத சிக்கல்

வணக்கம். பைத்தான் மொழியின் பாண்டாஸ் என்ற தரவு நூலகத்தில், ஜிஎஸ்டி மாநிலக் குறியீடுகளை டிக்ஷனரி (ஒவ்வொரு சாவிக்கும் உரிய மதிப்பைத் தரும் அட்டவணை) கொண்டு மேப் கட்டளையால் பெயர்களாக மாற்றுகையில் 33 தமிழ்நாடு, 32 கேரளம் என்று சரியாக வர, தில்லிக்கும் இராஜஸ்தானுக்கும் மட்டும் வெற்று மதிப்பு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். டிக்ஷனரியில் பிழையில்லை, சிஎஸ்வி கோப்பைப் படிக்கும்போதே பாண்டாஸ் அந்த நெடுவரிசையை எண்ணாகக் கொண்டு தில்லியின் 07 என்பதை 7 ஆகவும் இராஜஸ்தானின் 08 என்பதை 8 ஆகவும் ஆக்கிவிடுகிறது, பிறகு நீங்கள் அதைச் சரமாக (எழுத்துத் தொடராக) மாற்றினாலும் போன சுழியம் திரும்புவதில்லை என்பதால், '07' என்ற சாவியோடு அது பொருந்துவதில்லை. கோப்பைப் படிக்கும் வரியிலேயே அந்த நெடுவரிசையின் டீடைப்பை, அதாவது தரவு வகையை, சரம் என்று குறிப்பிட்டுவிடுங்கள். மேப்புக்குப் பதிலாக ரீப்ளேஸைப் பயன்படுத்தினால் வெற்று மதிப்பு வராதுதான்; ஆனால் பொருந்தாத குறியீடு அப்படியே தங்கிப் பிழை கண்ணில் படாமல் போய்விடும் என்பதால், நான் மேப்பையே பரிந்துரைப்பேன்.