பயிற்சி ஆசிரியர்களுக்கு: கேள்வி – பதில்

கேள்வி: கற்பித்தல் பயிற்சிக்கு மூன்றாம் வகுப்பு கிடைத்திருக்கிறது. 40 நிமிடத்துக்கு எழுதிப்போகும் பாடக்குறிப்பு 20 நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது. அப்புறம் ஒரே கூச்சல். நான் குரலை உயர்த்தினால் பிள்ளைகளும் உயர்த்துகிறார்கள்.

பதில்: கூச்சல் எந்த நொடியில் கிளம்புகிறது என்று கவனியுங்கள். பாடம் ஓடும்போது கிளம்புவது குறைவு. நோட்டு எடுக்கச் சொன்னதும், தாள் கொடுக்கும்போதும், நீங்கள் பலகைப் பக்கம் திரும்பும்போதும்தான் பெரும்பாலும் கிளம்பும். வகுப்பறைகளை வீடியோவில் பதிந்து ஆராய்ந்த ஜேக்கப் கௌனின் 1970இல் வெளியிட்ட முடிவும் இதையொட்டியதே. குறும்பு நடந்த பிறகு எப்படிக் கண்டிக்கிறோம் என்பதைவிட, அதற்கு முன்பே வகுப்பைத் தடங்கலில்லாமல் நகர்த்துவதுதான் பலன் தருகிறது என்றார் அவர்.

பாடக்குறிப்பில் 'ஆசிரியர் செயல்' பக்கத்திலேயே 'பிள்ளைகளின் கை என்ன செய்யும்?' என்று ஒரு பத்தி போடுங்கள். அதில் 'கவனிப்பார்கள்' என்று மட்டும் தொடர்ந்து வந்தால் அங்கேதான் வகுப்பு கலையும்; அந்த இடத்தில் எழுத, அடுக்க, பக்கத்துப் பிள்ளையிடம் சொல்ல ஒரு வேலை வையுங்கள்.

தாளை ஒவ்வொருவரிடமும் நீங்களே கொடுத்தால், ஆளுக்கு 4 நொடி என்றாலும் 35 பேருக்கு 140 நொடி. வரிசைத் தலைப்பிலிருந்து கைமாற்றி விடுங்கள். அதற்கு முன்பே, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லி, ஒரு பிள்ளையைத் திருப்பிச் சொல்லவும் வையுங்கள். கையில் பொருள் வந்த பிறகு சொல்லும் எதுவும் காதில் ஏறாது.

குரலை உயர்த்த வேண்டாம். பேச்சை நிறுத்தி, சத்தம் வரும் பெஞ்சுக்குப் பக்கத்தில் போய் நின்று, தணிந்த குரலில் பாடத்தைத் தொடருங்கள். சீக்கிரம் முடிந்துவிட்டால் கொடுப்பதற்கு இரண்டு கணக்கு எப்போதும் கைவசம் இருக்கட்டும்.

கேள்வி: 'புரிந்ததா?' என்றால் ஒட்டுமொத்தமாக 'புரிந்தது டீச்சர்' என்கிறார்கள். நோட்டைத் திறந்தால் 52 − 38 = 26 என்று இருக்கிறது!

பதில்: அந்தக் கேள்வியையே விட்டுவிடுங்கள், அதற்கு வேறு பதில் வராது. கணக்கைக் கொடுத்து, விடையைச் சிலேட்டில் எழுதி எல்லோரும் ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். வாய்க்கேள்வி என்றால் கேட்டதும் 3 நொடி பொறுங்கள். கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை 3 நொடியாக்கியதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, பதிலே வராத தருணங்கள் குறைந்தன.

26 என்று எழுதிய பிள்ளை அசட்டையாகச் செய்யவில்லை. 'பெரியதிலிருந்து சிறியதைக் கழி' என்று முன்பு கற்றதை அப்படியே பின்பற்றி, 8இல் 2 போக 6, 5இல் 3 போக 2 என்று போட்டிருக்கிறது. சிவப்பு மையால் சுழித்தால் இது மாறாது. பத்துப் பத்தாகக் கட்டிய 5 குச்சிக் கட்டுகளும் 2 உதிரிக் குச்சிகளும் கொடுத்து, 38 குச்சி கேளுங்கள். உதிரியாக 8 கொடுக்க முடியாமல் தவித்து, ஒரு கட்டைத் தானே அவிழ்க்கட்டும். இப்போது உதிரி 12. 8 கொடுத்தால் 4. மிச்சமுள்ள 4 கட்டுகளில் 3 போனால் 1. விடை 14.

மறுநாள் சிலர் 24 என்று எழுதுவார்கள். இது வேறு பிழை: கடன் வாங்கத் தெரிந்துவிட்டது, 5ஐ அடித்து 4 ஆக்க மறந்துவிட்டது. இவர்களுக்குக் குச்சி வேண்டாம். கடன் வாங்கிய உடனே 5ஐ அடிக்கும் பழக்கம் போதும். இருவரையும் ஒரே மாதிரி திருத்தினால் இருவருக்கும் உதவாது.

கேள்வி: மேற்பார்வையாளர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாலே பதற்றம். அந்த நேரம் பார்த்து சாக்பீஸ் வேறு கீச்சிடுகிறது.

பதில்: முழு சாக்பீஸைப் பலகைக்கு நேர்குத்தாகப் பிடித்தால் கீச்சிடத்தான் செய்யும். பாதியாக ஒடித்து, சாய்த்துப் பிடியுங்கள். முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் நின்று, இரண்டு வரிக்கு ஒருமுறை வகுப்பைப் பாருங்கள். நீளமாக எழுத வேண்டியதை மணி அடிக்கும் முன்பே எழுதிவிடுங்கள். பிறகு கடைசி பெஞ்சில் நீங்களே உட்கார்ந்து, எழுத்து தெரிகிறதா என்று ஒருமுறை பாருங்கள்.